கேபிள் வந்தபின் கையிருப்பு எதற்கு என்பவர்களுக்கு

"நெட்தான் வந்தாச்சே, இன்னும் எதுக்குடா எல்லாத்தையும் டவுன்லோட் பண்ணி வச்சிட்டு இருக்க?"

சோழிங்கநல்லூரில் வேலை பார்க்கும் என் கல்லூரி நண்பன் போனில் பேசும்போதெல்லாம் இதைக் கேட்காமல் வைக்கமாட்டான். அவன் மட்டும் கேட்டால் விட்டுவிடலாம். அந்தமானின் பெரார்கஞ்சில் என்னிடம் கணினி கற்க வரும் பிள்ளைகளின் அப்பாக்கள் கேட்கிறார்கள். போர்ட் பிளேயரில், அதாவது 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாறிய ஊரில், மென்பொருள் வேலை செய்யும் தம்பிகளும் கேட்கிறார்கள். மென்பொருள் கையேடுகளை, நாங்கள் பேச்சில் டாக்ஸ் என்று சொல்வதை, சொந்த வட்டில் பிரதியெடுத்து வைப்பது சேட்டிலைட் காலத்துப் பழக்கமாம். கேபிள் வந்த அன்றே அதை விட்டிருக்க வேண்டுமாம். எடுத்து வைத்த பிரதி எப்படியும் பழையதாகிவிடும், வேண்டியதை வேண்டியபோது தேடிக்கொண்டால் போதும் என்கிறார்கள். கணினியோடு பிழைக்கும் பெரும்பாலோரின் எண்ணம் இன்று இதுதான். இந்த எண்ணம் தவறு. தீவுக்கு மட்டும் தவறு என்று நான் சொல்லவில்லை, சோழிங்கநல்லூருக்கும் தவறு.

கேபிளின் அருமை தெரியாமல் பேசுகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2018 டிசம்பர் 30இல் அடிக்கல் நாட்டி, 2020 ஆகஸ்ட் 10இல் திறந்துவைத்த சென்னை–அந்தமான் கடலடிக் கேபிள் 2,300 கிலோமீட்டருக்கும் மேல் நீளம். செலவு 1,224 கோடி ரூபாய். அதற்கு முன் இந்தத் தீவுகளுக்குச் செயற்கைக்கோள்தான் ஒரே வழி. ஒரு பக்கம் திறக்கும் முன் டீ ஆறிவிடும். சென்னைக்குப் போகிறவர் கையில் ஹார்ட் டிஸ்க்கைக் கொடுத்து அனுப்புவோம். நண்பர்கள் நிரப்பித் திருப்பி அனுப்புவார்கள். கப்பல் வர மூன்று நாள். டிஸ்க்கை வாங்க ஜெட்டியில் போய் நின்ற நாட்களை நான் மறக்கவில்லை. அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் இந்த ஊரில் ஒருவனும் இல்லை, நானும் இல்லை.

ஆனால் கேபிள் எங்கே போகிறது என்று கொஞ்சம் பாருங்கள். சென்னையில் தொடங்கி போர்ட் பிளேயரில் கரையேறுகிறது. அங்கிருந்து ஹேவ்லாக், லாங் ஐலண்ட், ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார். அவ்வளவுதான். இலங்கை மலையகத்திலிருந்து திரும்பி வந்த நம் தமிழர்களை ரப்பர் தோட்டத்தில் குடியமர்த்திய கச்சால் இந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இருக்கும் ஊருக்கும் கடலுக்கு நடுவே ஒரே கொடிதான். 2016 டிசம்பரில் அந்தமானை மழையில் முக்கிய புயல்தான், ஹேவ்லாக்கிலும் நீலிலும் சுற்றுலா வந்தவர்கள் படகின்றித் தவித்த அதே வர்தா, டிசம்பர் 12ஆம் தேதி சென்னையில் கரையைக் கடந்தது. கொடியின் இரண்டு முனைகளும் ஒரே புயல் நடக்கும் பாதையில் இருக்கின்றன. 2022 ஜனவரியில் எரிமலை வெடித்தபோது டோங்கா நாட்டின் ஒரே சர்வதேசக் கேபிள் அறுந்தது. ஒட்டுப்போட்டு உயிர் கொடுக்க ஐந்து வாரம் ஆயிற்று.

கடலுக்கடியில் எதுவும் ஆகாவிட்டாலும் தரையில் ஆகும். பெரார்கஞ்ச் அந்தமான் டிரங்க் ரோட்டின் மேல் இருக்கிறது. மழைக்காலத்தில் மரம் சாயும், மண் சரியும், சாலை வேலைக்குத் தோண்டும் இயந்திரம் ஃபைபரை அறுக்கும். ஒரு ஜூன் மாதம் அப்படி ஆயிற்று. மின்சாரம் நான்கு மணி நேரத்தில் வந்தது, நெட் மூன்றாம் நாள்தான் வந்தது. நான் அந்த மூன்று நாளும் வகுப்பை நிறுத்தவில்லை. மூலையில் இருக்கும் பழைய கணினி ஒன்று அறைக்குள் மட்டும் வைஃபை கொடுக்கும். அதில் பைத்தான் கையேடு, போஸ்ட்கிரெஸ் கையேடு, விக்கிப்பீடியா, கேள்வி-பதில் தொகுப்பு எல்லாம் இருக்கின்றன. ஏழு பிள்ளைகளும் வழக்கம்போல வேலை செய்தார்கள். மூன்றாம் நாள் மாலையில் ஒரு பையன், "சார், நெட் வந்திருச்சா?" என்று கேட்டபோதுதான் அது இருக்கிறதா இல்லையா என்பதையே அவன் அன்று கவனிக்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

இத்தோடு நிறுத்தினால் நண்பன் சுலபமாக ஜெயித்துவிடுவான். இரண்டாவது இணைப்பு வாங்கிக்கொள், மூன்று நாள் பொறுத்துக்கொள், அதற்கு இவ்வளவு பாடா என்பான். அறுந்துபோவது என் வாதத்தின் சின்னப் பகுதி. எனக்குக் கோபம் வருவது அவனுடைய இன்னொரு சொல்லில். பிரதி என்றாலே பழையது என்கிறான். இணையத்தில் இருப்பதுதான் சரியானது, வட்டில் இருப்பது காலாவதியானது என்று யோசிக்காமலே முடிவு கட்டிவிட்டான்.

என் மச்சான் கப்பலில் செகண்ட் ஆபீசர். அவருடைய கப்பல் ஹேடோ துறைமுகத்தில் நின்றபோது ஒருமுறை என்னை பிரிட்ஜுக்கு அழைத்துப் போனார். மேசையில் கடல் வரைபடம் ஒன்று, அவர்கள் வாயில் சார்ட், விரித்துக் கிடந்தது. அதில் ஒரு மிதவையின் குறியை ஊதா மையால் மெல்லிய கோடாக அடித்துவிட்டு, அரை விரல் தள்ளி அதையே புதிதாக வரைந்திருந்தார். கீழே இடது மூலையில், நெல்மணி அளவு எழுத்தில், ஆண்டும் அதன் பக்கத்தில் எண்களுமாக ஒரு வரிசை. டேராடூனில் இருக்கும் கடற்படை நீரியல் அலுவலகம் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கடலோடிகளுக்கான அறிவிப்பு வெளியிடுகிறது. எங்கே விளக்கு அணைந்தது, எங்கே ஆழம் குறைந்தது, எந்த மிதவை இடம் மாறியது என்று அதில் இருக்கும். செகண்ட் ஆபீசர் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சார்ட்டில் திருத்தி, திருத்திய அறிவிப்பின் எண்ணை அந்த மூலையில் எழுதுவார். "இந்த மூலையில கடைசி நம்பர் இல்லன்னா அந்த சார்ட்ட நான் தொடமாட்டேன் மாப்ள" என்றார்.

அந்தத் தாளுக்கு நெட் கிடையாது. நடுக்கடலில் அதை நம்பித்தான் நூற்றுக்கணக்கான உயிர்கள் போகின்றன. அதைப் பழையது என்று சொல்ல யாருக்கும் வாய் வராது, ஏனென்றால் எதுவரை புதியது என்று அதுவே தன் மூலையில் சொல்லிவிடுகிறது. கடலில் உயிர்க்காப்புக்கான சர்வதேச ஒப்பந்தம் ஐந்தாம் அத்தியாயத்தில், சார்ட்டுகள் போதுமானவையாகவும் நாளதுவரை திருத்தப்பட்டவையாகவும் இருக்க வேண்டும் என்று கேட்கிறது. கப்பலில் தாள் போய்த் திரை வந்துவிட்ட இன்றும் சார்ட்டுகள் கப்பலின் சொந்தக் கணினியில்தான் இருக்கின்றன, வாராவாரம் வரும் திருத்தத்தை அதில் ஏற்றுகிறார்கள். உள்ளூர்ப் பிரதி என்பது வேறு, பராமரிக்காத பிரதி என்பது வேறு. மாலுமிகளுக்கு இது தெரியும். மென்பொருள்காரர்களான நாம் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி வைத்திருக்கிறோம்.

இன்னும் ஒரு படி மேலே போகிறேன். நம் தொழிலில் இணையத்தில் திறக்கும் புதிய பக்கம்தான் பல நேரம் நம்மை ஏமாற்றுகிறது.

துஷ்ணாபாத்திலிருந்து வரும் ஒரு மாணவி, பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவள், டாம்ல் வகைக் கோப்பு ஒன்றைப் படிக்கும் சின்ன நிரல் எழுத வேண்டியிருந்தது. வீட்டில் அம்மாவின் போனில் பைத்தான் கையேட்டைத் திறந்து, அதிலிருந்த மாதிரியை நோட்டில் எழுதிக்கொண்டு வந்தாள். வகுப்பில் தட்டினாள். அப்படி ஒரு மாட்யூலே இல்லை என்றது கணினி. எழுத்துப் பிழை என்று நினைத்து அழித்து மறுபடி தட்டினாள். 'டாம்ல்லிப்' என்ற அந்தச் சொல்லை ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துச் சரிபார்த்தாள். மறுநாளும் அதே கதை. மூன்றாம் நாள், "சார், எனக்கு இது வராது போல" என்று என் மேசை முன் வந்து நின்றாள்.

அவள் ஒரு தவறும் செய்யவில்லை. என் அறைக் கணினிகளில் ஓடுவது உபுண்டு 22.04. அதோடு வந்த பைத்தான் 3.10. அந்த மாட்யூல் சேர்ந்தது 3.11இல். கையேட்டின் இணைய முகவரியைத் திறந்தால் கடைசியாக வந்த பதிப்புக்கான பக்கம்தான் வரும். எந்தப் பதிப்பில் சேர்ந்தது என்று அதிலும் ஒரு வரி இருக்கிறது. கற்றுக்கொள்ளும் பிள்ளையின் கண் முதலில் மாதிரி நிரலுக்குத்தான் போகும், அந்த வரிக்குப் போகாது. அவள் படித்த பக்கம் உலகத்திலேயே புதியது, அவள் கணினிக்குப் பொய். வட்டில் இருந்த 3.10 கையேட்டில் அந்தப் பெயரைத் தேடச் சொன்னேன். வரவில்லை. "அப்போ இந்த மெஷின்ல இல்லவே இல்லையா சார்?" என்றாள். மூன்று நாள் அவளை அழுத்திய பாரம் அரை நிமிடத்தில் இறங்கியது. இது நடந்த பிறகுதான் கையேட்டை எடுக்கும் முன் கணினியிடம் பதிப்பைக் கேள் என்பதை முதல் வகுப்பிலேயே சொல்ல ஆரம்பித்தேன்.

எதிர்ப்பக்கமும் இதே தொல்லைதான். பைத்தான் 3.12இல் டிஸ்ட்யூட்டில்ஸ் போயிற்று. 3.13இல் சிஜிஐ, டெல்நெட்லிப் உட்படப் பத்தொன்பது பழைய மாட்யூல்களை ஒரே மூச்சில் நீக்கினார்கள். பத்து வருடம் முன் யாரோ எழுதிக் கொடுத்துவிட்டுப் போன நிரலை இன்று சரிசெய்ய உட்கார்கிறவனுக்குப் புதிய கையேட்டில் அந்தப் பெயருக்கான விளக்கம் கிடைக்காது. பைத்தான்காரர்கள் பொறுப்பானவர்கள், பழைய பதிப்புகளின் கையேட்டையும் தளத்தில் விட்டுவைத்திருக்கிறார்கள். எத்தனையோ சின்ன நூலகங்களின் தளங்களில் இன்றைய பதிப்பு மட்டும்தான் உண்டு. நேற்றையது போனது போனதுதான்.

ஆகவே நாளதுவரை என்ற சொல்லுக்குப் பொருள் என்ன என்று முதலில் முடிவு செய்வோம். உலகத்தில் கடைசியாக வந்ததோடு ஒத்துப்போவதா, என் முன்னால் ஓடிக்கொண்டிருப்பதோடு ஒத்துப்போவதா? யூனிக்ஸ் செய்தவர்களுக்கு இதில் குழப்பம் இருக்கவில்லை. தாம்சனும் ரிச்சியும் 1971 நவம்பர் 3 தேதியிட்டு முதல் கையேட்டை வெளியிட்டார்கள். பின்னால் அது கணினிக்குள்ளேயே வந்து உட்கார்ந்தது. மேன் என்று தட்டினால் வரும் பக்கம், அந்தக் கணினியில் நிறுவிய நிரலோடு கூட வந்த பக்கம். ரஸ்ட் மொழியை நிறுவினால் அதன் புத்தகம் வட்டிலேயே வருகிறது. கோ மொழியின் டாக் கட்டளை உங்கள் வட்டில் இருக்கும் மூலத்திலிருந்தே விளக்கத்தை எடுத்துக் காட்டும். டெபியனில் டாக் என்று முடியும் பொதிகள் இருக்கின்றன. நிரலைப் புதுப்பிக்கும் அதே கட்டளை கையேட்டையும் புதுப்பித்துவிடும். நெட்டைத் திறந்து தேடுகிறவனைவிட இப்படி வைத்திருப்பவன்தான் நாளதுவரை இருக்கிறான்.

பராமரிப்பது பெரிய பாடு என்பார்கள். அடுத்த வீட்டுக் கல்யாண வீடியோவை வாட்ஸ்அப்பில் இறக்குவதற்கு ஆகும் டேட்டாவைவிட ஒரு மொழியின் முழுக் கையேட்டுக்கு ஆவது குறைவு. ஆர்சிங்க் என்ற கருவி 1996 முதல் இருக்கிறது, மாறிய துண்டுகளை மட்டும் கொண்டுவரும். ஜீல் என்ற நிரலில் கையேடுகளைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்தால் போதும், புதுப்பிக்க ஒரு பொத்தான். 2007இல் தொடங்கிய கிவிக்ஸ் முழு விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாகத் தருகிறது. நெட் அறவே இல்லாத கணினிக்கும் வழி உண்டு. டெபியன் குழுவைச் சேர்ந்த நம் நாட்டுக்காரர் ரித்தேஷ் ராஜ் சர்ராஃப் ஏப்ட்-ஆஃப்லைன் என்ற கருவியை எழுதியிருக்கிறார். இந்தக் கணினிக்கு என்ன வேண்டும் என்று ஒரு சின்னக் கோப்பில் எழுதித் தரும். அதைப் பென் டிரைவில் நெட் இருக்கும் இடத்துக்குக் கொண்டுபோய், வேண்டியதை இறக்கி, திரும்பக் கொண்டுவந்து ஏற்றலாம். கியூபாவில் வாராவாரம் ஒரு டெராபைட் அளவுக்கு ஹார்ட் டிஸ்க் கைமாறுவதை பக்கேத்தே என்கிறார்கள். நாங்கள் ஜெட்டியில் செய்ததும் அதுதான், எங்களிடம் பெயர் இல்லை.

உரிமைப் பிரச்சினையும் பெரும்பாலும் இல்லை. பைத்தான், போஸ்ட்கிரெஸ், பிஎச்பி, மொசில்லாவின் வலைக் கையேடு, எல்லாம் பிரதியெடுக்க அனுமதிக்கும் உரிமத்தில் வருபவை.

இப்போது புதிதாக ஒரு வாதம் வந்திருக்கிறது. கையேடே எதற்கு, செயற்கை நுண்ணறிவைக் கேட்டால் சொல்லிவிடுமே என்கிறார்கள். நானும் அதைப் பயன்படுத்துகிறேன், பல நாள் உதவுகிறது. ஆனால் பிரதி பழையதாகிவிடும் என்று என்னைக் குறை சொன்னவரே இதைச் சொல்லும்போது எனக்குத் தாங்கவில்லை. அந்த மாதிரிகளின் அறிவு பயிற்சி முடிந்த நாளோடு நிற்கிறது. அதற்குப் பின் வந்ததை யாராவது முன்னால் எடுத்து வைத்தால்தான் அதற்குத் தெரியும். பெரும்பாலான மாதிரிகள் தொலைவில் இருக்கின்றன, கேபிள் இல்லாமல் அவற்றிடம் போக முடியாது. இல்லாத பெயரில் ஒரு ஃபங்ஷனை இருப்பதுபோலச் சொல்லும்போது, அது பொய் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது? கையில் இருக்கும் கையேட்டை வைத்துத்தான். சின்ன மாதிரிகளைச் சொந்தக் கணினியிலேயே ஓட்டலாம். அப்போது அதற்குப் படிக்கக் கொடுக்கவும் நல்ல கையேடு நம் வட்டில் இருந்தாக வேண்டும்.

எதிர்த்தரப்பில் ஒன்றை நான் ஒப்புக்கொள்கிறேன். 2021 டிசம்பரில் லாக்4ஜே நூலகத்தின் பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது எந்தக் கையிருப்பும் யாரையும் எச்சரித்திருக்காது. பாதுகாப்புச் செய்தி அன்றன்றைக்கு வர வேண்டியது, அதற்கு நெட்தான் வழி. வாரம் தவறாமல் மாறும் கிளவுட் சேவைகளின் பக்கங்களையும் பிரதியெடுத்து வைத்துப் பெரிய பயன் இல்லை. நான் அவற்றை எடுப்பதில்லை.

ஆனால் திறந்திருக்கும் கதவு எப்போதும் திறந்தே இருக்கும் என்று நினைப்பவர்களுக்கு நான் மூன்று நிகழ்ச்சிகளை நினைவூட்ட வேண்டும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் உலகமே சேர்ந்து எழுதிய கேள்வி-பதில்கள் வருடக்கணக்காக முழுத் தொகுப்பாக எவருக்கும் கிடைத்து வந்தன. 2023 ஜூனில் நிறுவனம் அதை நிறுத்தியது. எழுதியவர்கள் சண்டை போட்டபின் திரும்ப வந்தது. 2024இல் உள்நுழைந்து நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டால்தான் எடுக்கலாம் என்றாயிற்று. அதே வருடம் அக்டோபரில், தொலைந்த பக்கங்களை எல்லாம் தேடிப்போகும் இன்டர்நெட் ஆர்க்கைவே தாக்குதலுக்கு ஆளாகிப் பல நாள் முடங்கியது. கதவை மூடுகிறவர்கள் கடைசித் தேதி சொல்லிவிட்டு மூடுவதில்லை. 2019 ஆகஸ்ட் 5இல் காஷ்மீரில் இணையத்தை நிறுத்தியபோது முன்னறிவிப்பு இல்லை. 4ஜி திரும்ப வர 2021 பிப்ரவரி 5 ஆயிற்று. அங்கே நிரல் எழுதிப் பிழைத்தவர்களை நினைத்துப் பார்க்காமல், தேவைப்படும்போது தேடிக்கொள்ளலாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கேபிள் வேகமாக இருக்கும் இந்த நாட்கள்தான் சேர்த்துவைக்க ஏற்ற நாட்கள். மழை பிடிக்கும் முன்னே அரிசி வாங்கி வைக்கும் தீவில் இதை நான் விளக்க வேண்டியிருப்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

மச்சானின் சார்ட்டைப் பார்த்து வந்தபின் என் வழக்கத்தில் ஒன்று மாறியது. அதற்கு முன் நானும் கண்டபடி இறக்கி, எது எப்போது எடுத்தது என்று தெரியாமல் குவித்துத்தான் வைத்திருந்தேன். அந்த நாட்களில் நண்பன் வந்து பார்த்திருந்தால் அவன் சொன்னது சரியாகவே இருந்திருக்கும். இப்போது கணினிக்குப் பக்கத்தில் ஒரு நீள நோட்டு இருக்கிறது. மென்பொருளின் பெயர், பதிப்பு எண், எடுத்த தேதி, எடுத்தவர் கையெழுத்து. மாதத்தின் முதல் ஞாயிறு பிள்ளைகள் முறைவைத்துச் செய்கிறார்கள். முதலில் அறையின் கணினிகளில் எந்தப் பதிப்பு ஓடுகிறது என்று பார்த்து எழுத வேண்டும், அதன் பிறகுதான் கையேடு. எந்தக் கணினியிலும் ஓடாத பதிப்பின் கையேட்டைத் தனி ஃபோல்டருக்கு மாற்றுவோம், அழிப்பதில்லை. திரையில் கையேட்டின் முதல் பக்கத்திலேயே, கீழே இடது மூலையில், அந்தத் தேதி தெரியும்படி துஷ்ணாபாத் மாணவி ஒரு நிரல் எழுதிக் கொடுத்தாள். ஏன் இடது மூலை என்று அவள் கேட்டபோது சார்ட் கதையைச் சொன்னேன்.

அடுத்த கப்பலில் கச்சாலுக்கு ஒரு ஹார்ட் டிஸ்க் போகிறது. அங்கே பிள்ளைகளுக்குக் கணினி சொல்லித் தரும் ஆசிரியர் ஒருவர் கேட்டிருந்தார். உப்புக்காற்று படாமல் இரண்டு பிளாஸ்டிக் உறையில் போட்டு, மேலே ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறோம். என்ன என்ன இருக்கிறது, எந்தப் பதிப்பு, எந்தத் தேதிவரை என்று மாணவி தன் கையெழுத்தில் எழுதியிருக்கிறாள். டிஸ்க் திரும்பி வந்து மறுபடி போகும்போது எழுதுவதற்காக, அதன் கீழே ஆறு வரி காலியாக விட்டிருக்கிறாள்.